2147483647 பகா எண்தான் என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்?

பாத்திரக்கடைக்காரன் (திருநெல்வேலி டவுன்)

எல்லோருக்கும் வணக்கம். நான் பி.காம். படித்தவன், கணக்குப் பாடத்தோடு உறவு பத்தாம் வகுப்போடு சரி. வடக்கு ரதவீதிப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கிறோம், அப்பா காலத்துக் கடை.

ஆடித் தள்ளுபடிக்கு வாடிக்கையாளர்களுக்கு மெசேஜ் அனுப்பலாம் என்று பில் போடும் சாஃப்ட்வேரில் இருந்து போன் நம்பர்களை எடுத்தேன். பட்டியல் வந்தது. மேலிருந்து கீழ்வரை ஒரே நம்பர்: 2147483647. பேட்டை அக்காவுக்கும் அதேதான், முக்கூடல் அண்ணாச்சிக்கும் அதேதான், சேரன்மகாதேவியில் இருந்து வந்து மகளுக்குச் சீர்ப்பாத்திரம் எடுத்தவருக்கும் அதேதான். சாஃப்ட்வேர் செய்து கொடுத்த பையன்களைக் கூப்பிட்டால் "பார்க்கிறோம் சார்" என்கிறார்கள், பார்த்தபாடில்லை. நல்லவேளை, பாத்திரத்தில் பேர் வெட்டக் கொடுப்பவர்களின் நம்பரைத் தனி நோட்டில் எழுதி வைப்பது எங்கள் கடை வழக்கம். குடம், குத்துவிளக்கு, அண்டா, யார் பேர், எந்த எழுத்து, எந்தத் தேதிக்கு வேண்டும், போன் நம்பர், எல்லாம் அதில் இருக்கும். அதை வைத்துச் சமாளித்துவிட்டேன்.

எனக்கு உறுத்துவது வேறு. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் அந்த நம்பரைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது பகா எண்ணாம்" என்றாள். எப்படித் தெரியும் என்றால் நெட்டில் போட்டிருக்கிறது என்கிறாள். மதியம் கடையில் ஆள் வராத நேரத்தில் கல்லாப்பெட்டி மேலே இருக்கும் 12 இலக்கக் கால்குலேட்டரை எடுத்து 3, 7, 11, 13, 17 என்று வகுத்துக்கொண்டே போனேன். எதிலும் மீதி இல்லாமல் போகவில்லை. நூறைத் தாண்டியதும் கை ஓய்ந்துவிட்டது.

214 கோடிக்கு மேலே இருக்கும் ஒரு எண்ணை எல்லா எண்ணாலும் வகுத்தா பார்த்தார்கள்? யார் பார்த்தது, கம்ப்யூட்டர் வந்த பிறகா, அதற்கு முன்பேயா? அப்புறம், என் கம்ப்யூட்டர் இந்த எண்ணில் வந்து முட்டி நிற்பதற்கும் இது பகா எண்ணாக இருப்பதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ரொம்பப் பெரிய கணிதமாகப் போனால் மகளிடம் கொடுத்துவிடுவேன்.

கோடுதம்பி (வண்ணார்பேட்டை)

அண்ணாச்சி, கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது.

உங்கள் சாஃப்ட்வேரில் போன் நம்பரை 'இன்ட்' வகை ஃபீல்டில் வைத்திருக்கிறார்கள். அதற்கு 32 பிட் இடம். ஒரு பிட் கூட்டலா கழித்தலா என்று குறிக்கப் போய்விடும், மிச்சம் 31. முப்பத்தொன்றும் 1 ஆக இருந்தால் வருகிற எண் 2^31−1 (2 ஐ 31 அடுக்குக்கு ஏற்றி 1 கழித்தது), அதாவது 2147483647. அதற்கு மேல் அந்த ஃபீல்டுக்குள் எதுவும் நுழையாது. நம் ஊர் மொபைல் நம்பர் எல்லாமே 6, 7, 8, 9 இல் தொடங்கும் பத்து இலக்கம், எல்லாமே இதைவிடப் பெரியவை. மைஎஸ்க்யூஎல் போன்ற டேட்டாபேஸில் கண்டிப்பு மோடு போடாமல் விட்டிருந்தால் பெரிய எண்ணைக் கொடுக்கும்போது அது சத்தம் போடாமல் உச்ச எண்ணைப் போட்டு மூடிவிடும். அதனால்தான் பேட்டை அக்காவும் முக்கூடல் அண்ணாச்சியும் ஒரே நம்பர். பழைய நம்பர்கள் டேட்டாபேஸில் எங்கேயும் ஒளிந்திருக்காது, போனது போனதுதான். பேர் வெட்டும் நோட்டைப் பத்திரமாக வையுங்கள். அந்த ஃபீல்டை எழுத்து வகைக்கு மாற்றச் சொல்லுங்கள். போன் நம்பரைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை, அது எண்ணாக இருக்கத் தேவையே இல்லை.

பகா எண்ணாக இருப்பது தற்செயல். 8 பிட் என்றால் உச்சம் 127, அது பகா எண். 16 பிட் என்றால் 32767, அது 7 × 31 × 151. 64 பிட் என்றால் 9223372036854775807, அதை 7 ஆல் வகுக்கலாம். நான்கில் இரண்டு பகா எண், இரண்டு இல்லை. கம்ப்யூட்டருக்கு இதில் ஒரு அக்கறையும் கிடையாது.

கூடுதலாக ஒன்று. பழைய சிஸ்டங்கள் பல, 1970 ஜனவரி 1 முதல் எத்தனை வினாடி ஆயிற்று என்று இதே 31 பிட்டில் எண்ணுகின்றன. அது நிரம்புவது 2038 ஜனவரி 19, நம் நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடி. உங்கள் பில் சாஃப்ட்வேர் அதுவரை இருக்காது என்பது என் நம்பிக்கை.

பாளை கணக்கு டீச்சர் (பாளையங்கோட்டை, ஓய்வு)

கோடுதம்பி சொன்னது சரி. மற்ற இரண்டு கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பார்த்தவர் ஆய்லர் என்ற கணித மேதை, கம்ப்யூட்டருக்கு வெகு காலம் முன்பே. 1772 இல் டேனியல் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் 2^31−1 பகா எண் என்று தெரிவித்தார். அப்போது அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார், கண்பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. எல்லா எண்ணாலும் அவர் வகுக்கவில்லை, அப்படி வகுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

முதல் வெட்டு மகளுக்குத் தெரிந்திருக்கும். 46,341 ஐ அதே எண்ணால் பெருக்கினால் 2147488281, நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது. ஆகவே நம் எண் இரண்டு காரணிகளாகப் பிரிந்தால் அதில் ஒன்றாவது 46,340 க்குள் இருக்க வேண்டும். சரி, அதற்குள் பகா எண்கள் எத்தனை? நாலாயிரத்து எழுநூறுக்கும் மேல். தினம் ஐம்பது வகுத்தாலும் மூன்று மாதம்.

இரண்டாவது வெட்டுதான் சுவையானது. எந்த எண் இதற்குக் காரணியாக வர முடியும், எது வரவே முடியாது என்று வகுப்பதற்கு முன்பே சொல்லிவிடலாம். 31 ஐ வைத்து விளக்கினால் நீளும், 11 ஐ எடுத்துக்கொள்கிறேன். 2^11−1 என்பது 2047. அது 23 × 89. இப்போது 2 ஐ இரட்டித்துக்கொண்டே போங்கள், ஒவ்வொரு முறையும் 23 ஆல் வகுத்த மீதியை மட்டும் எழுதுங்கள்:

2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, 1

பதினோராவது இடத்தில் 1 வந்தது. அதற்கப்புறம் மறுபடி 2, 4, 8 என்று அதே சுற்று. 2^11 ஐ 23 ஆல் வகுத்தால் மீதி 1, அதனால்தான் அதில் ஒன்று குறைந்த 2047 மீதியில்லாமல் வகுபடுகிறது. 11 பகா எண் என்பதால் சுற்று அதைவிடச் சின்னதாக இருக்க வழியில்லை. இன்னொரு பக்கம் ஃபெர்மா சொன்ன தேற்றம் ஒன்று இருக்கிறது: 2 ஐ 22 அடுக்குக்கு ஏற்றினால் 23 ஆல் வகுத்த மீதி 1 ஆகத்தான் இருக்கும். 2 ஐத் தவிர எந்தப் பகா எண்ணுக்கும் அதிலிருந்து ஒன்று குறைத்த அடுக்கில் இப்படி 1 வரும். பதினொன்றுக்கு ஒரு முறை 1 வருகிற வரிசையில் 22 ஆவது இடத்திலும் 1 இருக்கிறது என்றால் 22 என்பது 11 இன் மடங்காக இருந்தே தீர வேண்டும். 89 ஐப் பாருங்கள், 88 உம் 11 இன் மடங்குதான்.

இதே நியாயம் 31 க்கும் பொருந்தும். 2^31−1 க்கு ஒரு பகாக் காரணி இருந்தால் அதில் 1 கழித்தால் 31 இன் மடங்கு. காரணி ஒற்றைப்படை என்பதால் கழித்தது இரட்டைப்படை, ஆகவே 62 இன் மடங்கு. 46,340 க்குள் 62 இன் மடங்கோடு 1 கூட்டிய எண்கள் மொத்தம் 747. தம்பி, நீங்கள் கல்லாவில் உட்கார்ந்து வகுத்த 3, 7, 11, 13, 17 ஒன்றுமே அந்தப் பட்டியலில் கிடையாது.

மூன்றாவது வெட்டு. 2^31 க்கு மீதி 1 என்றால் 2^32 க்கு மீதி 2. ஆனால் 2^32 என்பது 2^16 இன் வர்க்கம். அதாவது மீதிக் கணக்கில் 2 ஒரு வர்க்க எண் ஆகிவிடுகிறது. (23 இல் பாருங்கள்: 18 × 18 = 324, 23 ஆல் வகுத்தால் மீதி 2.) ஒற்றைப்படைப் பகா எண்களில், 8 ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வருகிறவற்றில் மட்டும்தான் 2 க்கு இந்த யோகம் உண்டு. இதன் நிரூபணம் நீளமானது, மகள் கல்லூரிக்குப் போனால் முதல் ஆண்டிலோ இரண்டாம் ஆண்டிலோ படிப்பாள்.

இரண்டையும் சேர்த்தால் காரணி என்பது 248 இன் மடங்கோடு 1 கூட்டியதாகவோ 63 கூட்டியதாகவோதான் இருக்கும். 747 இப்போது 373 ஆயிற்று. அதில் முதலில் நிற்கும் 63 பகு எண், போனால் 372. அடுத்து 249 என்பது 3 × 83, 497 என்பது 7 × 71, 559 என்பது 13 × 43. இப்படிப் பகு எண்களைத் தள்ளிக்கொண்டே போனால் கையில் மிஞ்சுவது சுமார் எண்பது. நாலாயிரத்துச் சொச்சம் எண்பதுக்கு வந்துவிட்டது பாருங்கள்.

வேலையில் இருந்தபோது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு எண் கொடுத்து இதை வகுக்கச் சொல்வேன், கடைசிப் பீரியடில். நாற்பது பிள்ளைகள் இருந்தால் கணக்கு முடிந்துவிடும். 311 க்கு மீதி 35, 1303 க்கு 226, 1489 க்கு 199 என்று கரும்பலகையில் ஒவ்வொன்றாக ஏறும். யாராவது மீதி பூஜ்யம் என்றால் அடுத்த பெஞ்சு திரும்ப வகுக்க வேண்டும் என்பது சட்டம். பூஜ்யம் சொல்கிற பிள்ளை பெரும்பாலும் பஸ்ஸுக்குப் போகிற பிள்ளையாக இருக்கும்.

மானூர்க்காரன்

டீச்சர் சொல்வது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புத்தகத்தில் போட்டிருக்கிறது, நெட்டில் ஆயிரம் இடத்தில் போட்டிருக்கிறது. நம்பிவிட்டுப் போவதை விட்டு எதற்கு மறுபடி வகுக்க வேண்டும்? அப்படியே நிரூபித்தாலும் மானூர்க் குளம் பெருகப் போகிறதா?

பாளை கணக்கு டீச்சர்

குளம் பெருகாது. ஆனால் அச்சில் இருந்தால் நம்பலாம் என்றீர்களே, அதற்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆய்லருக்கு முன்பே இத்தாலியில் கத்தால்தி என்பவர் 2^17−1, 2^19−1 இரண்டையும் ஒழுங்காக வகுத்துப் பார்த்துப் பகா எண் என்றார், அது சரி. அத்தோடு நிற்காமல் 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளுக்கும் பகா எண்தான் வரும் என்று எழுதிவிட்டார். நான்கில் மூன்று தப்பு. 2^23−1 என்பது 47 × 178481. 47 ஐப் பாருங்கள், 46 என்பது 23 இன் மடங்கு. நான் மேலே சொன்ன விதி தெரிந்தால் சோதிக்க வேண்டிய முதல் எண்ணே அதுதான், முதல் வகுத்தலிலேயே மாட்டியிருக்கும். 29 க்கு 233 காரணி, 37 க்கு 223 காரணி. 31 மட்டும் சரியாக வந்தது. அதை நிரூபணம் என்று சொல்ல முடியுமா?

பிரான்சில் மெர்சென் என்ற பாதிரியார் 1644 இல், எந்தெந்த அடுக்குகளுக்குப் பகா எண் வரும் என்று ஒரு பட்டியல் போட்டார். இவ்வகைப் பகா எண்களுக்கு இன்றும் அவர் பெயர்தான். அந்தப் பட்டியலில் 67 உம் 257 உம் தப்பு, 61, 89, 107 மூன்றும் விட்டுப்போயின. 2^67−1 க்கான காரணிகளை 1903 இல் அமெரிக்காவில் கோல் என்பவர் கண்டுபிடித்துக் காட்டினார்: 193707721 × 761838257287. இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அச்சில் இருந்த தப்பு அது.

பயன் கேட்டீர்கள். உங்களை மாதிரியே இங்கிலாந்தில் பார்லோ என்று ஒருவர் இருந்தார். தன்னைத் தவிர்த்த மற்றக் காரணிகளைக் கூட்டினால் தானே வருகிற எண்கள் உண்டு அல்லவா, 6, 28, 496 மாதிரி? நம் எண்ணை 2^30 ஆல் பெருக்கினால் அப்படி ஒரு எண் கிடைக்கும்: 2305843008139952128. இதைவிடப் பெரியதை இனி ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், பயனில்லாத காரியத்துக்கு யார் மெனக்கெடுவார்கள் என்று 1811 இல் எழுதினார். 1876 இல் லூக்கா 2^127−1 பகா எண் என்று காட்டினார், 39 இலக்கம், எல்லாம் கையால். 1883 இல் ரஷ்யக் கிராமத்துப் பாதிரியார் பெர்வுஷின் 2^61−1 ஐக் காட்டினார். மெனக்கெட ஆள் எப்போதும் இருக்கிறது, ஐயா.

கோடுதம்பி

பயன் விஷயத்தில் நான் டீச்சர் பக்கம். 2147483647 பகா எண்ணாக இருப்பது கம்ப்யூட்டருக்கு உதவுகிற ஒரு இடம் உண்டு: தாறுமாறான (ரேண்டம்) எண்களை உண்டாக்குவது. 1 இல் தொடங்கி, 16807 ஆல் பெருக்கி, 2147483647 ஆல் வகுத்த மீதியை எடுங்கள். அந்த மீதியை மறுபடி 16807 ஆல் பெருக்கி மீதி எடுங்கள். 16807, 282475249, 1622650073 என்று தாறுமாறாகப் போகும். பார்க், மில்லர் என்ற இருவர் 1988 இல் பரிந்துரைத்த முறை இது, இன்றும் சி++ மொழியோடு சேர்ந்தே வருகிறது. 1 முதல் 2147483646 வரை எல்லா எண்ணும் ஒரு தடவை வந்த பிறகுதான் முதல் எண் திரும்பும். வகுப்பது பகா எண்ணாக இல்லாவிட்டால் இப்படி ஒன்றுவிடாமல் சுற்றி வராது. 16807 என்பது 7 இன் ஐந்தாம் அடுக்கு, அதுவும் பார்த்துப் பொறுக்கியதுதான். 2 ஐப் போட்டால் டீச்சர் காட்டிய சுற்று மாதிரி 31 அடியில் வீடு திரும்பிவிடும். விளையாட்டில் சீட்டுக் கலைக்க இது போதும். பாஸ்வேர்டு உண்டாக்க மட்டும் இதைத் தொடாதீர்கள், ஒரு எண் தெரிந்தால் அடுத்தது தெரிந்துவிடும்.

2^127−1 ஐ லூக்கா சோதித்த முறையை லெமர் என்பவர் பிற்பாடு எளிமையாக்கினார். அதைச் சொல்லாமல் போக மனசில்லை, ஏனென்றால் அதில் காரணி தேடுகிற வேலையே கிடையாது. 4 இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து 2 கழியுங்கள், சோதிக்கிற எண்ணால் வகுத்து மீதியை வையுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இதைச் செய்யுங்கள். கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. 2^7−1 = 127 க்கு ஐந்து தடவை:

4 → 14 → 67 → 42 → 111 → 0

கடைசி அடியில் 111 இன் வர்க்கம் 12321, இரண்டு போனால் 12319, அது சரியாக 127 × 97. நம் எண்ணுக்கு 29 தடவை செய்ய வேண்டும். மீதி எடுப்பதும் கம்ப்யூட்டருக்குச் சுலபம். 123456 ஐ 999 ஆல் வகுத்த மீதி வேண்டுமென்றால் 123 ஐயும் 456 ஐயும் கூட்டினால் போதும், 579. இரும எண்ணில் எல்லாமே 1 ஆக இருக்கிற 2^31−1 க்கும் அதே வித்தைதான்: 31 பிட்டாக வெட்டு, கூட்டு.

இன்று உலகில் தெரிந்த மிகப் பெரிய பகா எண்கள் இந்தச் சோதனையில் தேறியவைதான். 2024 அக்டோபரில் அறிவித்த 2^136279841−1 க்கு 4,10,24,320 இலக்கங்கள். கண்டுபிடித்தவர் லூக் டுரான்ட், கிராஃபிக்ஸ் கார்டுகளை வாடகைக்கு எடுத்து ஓட்டினார். வினாடிக்கு ஒரு இலக்கம் என்று தூங்காமல் படித்தாலும் 475 நாள் ஆகும். கடைசி இலக்கம் மட்டும் மனக்கணக்கில் வரும்: 2 இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்று முடிந்து சுற்றும், 136279841 ஐ 4 ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே அடுக்கு 2 இல் முடியும், ஒன்று போனால் 1.

குற்றாலச்சாரல் (தென்காசி)

பகா எண் பேச்சு நம் ஊர்ப் பக்கம் நடக்கும்போது எஸ்.எஸ். பிள்ளையைச் சொல்லாமல் எப்படி? குற்றாலம் பக்கத்து வல்லத்தில் 1901 இல் பிறந்தவர். அன்று அது திருநெல்வேலிச் சீமை (இன்று தென்காசி மாவட்டம், அந்தச் சண்டை இங்கே வேண்டாம்). செங்கோட்டையில் பள்ளி, நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கல்லூரி, அப்புறம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேலை. வாரிங் கணக்கில் (எந்த எண்ணையும் வர்க்கம், கனம் போன்ற ஒரே அடுக்கு எண்களின் கூட்டலாக எழுத எத்தனை எண் வேண்டும் என்ற கேள்வி) உலகத்தரமான வேலை செய்தவர். 1950 ஆகஸ்டில் அமெரிக்காவுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்துபோனார்.

டீச்சர் எடுத்த அதே 23 அவர் கணக்கிலும் வருகிறது. 1 முதல் 22 வரை பெருக்கி 1 கூட்டினால் 23 ஆல் வகுபடும், இது வில்சன் தேற்றம், எல்லாப் பகா எண்ணுக்கும் உண்டு. ஆனால் 23 க்கு 22 வரை போகவே தேவையில்லை. 14 வரை பெருக்கி 1 கூட்டினாலே போதும்: 87178291201 = 23 × 3790360487. இப்படி முன்னாலேயே நின்றுவிட்டால் நின்ற இடம் 22 ஐ வகுக்கிற எண்ணாக இருக்க வேண்டுமா என்பது பிள்ளை எழுப்பிய கேள்வி. 14 ஆல் 22 ஐ வகுக்க முடியாதே, ஆகவே வேண்டியதில்லை. 23, 29, 59, 61 என்று இப்படி நடந்துகொள்ளும் பகா எண்களுக்குப் பிள்ளை பகா எண்கள் என்றே பெயர். அவை முடிவில்லாமல் உண்டு என்பதும் நிரூபணமாகிவிட்டது.

பாத்திரக்கடைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. கோடுதம்பி சொன்ன மாதிரி ஃபீல்டை மாற்றச் சொல்லி அந்தப் பையன்களுக்கு எழுதிப் போட்டாயிற்று, இந்த முறை என்ன மாற்ற வேண்டும் என்று நானே சொன்னதால் பதில் வந்தது. டீச்சர் போட்ட 311, 1303, 1489 மூன்றையும் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன், மீதி அச்சு அசலாக வருகிறது. பிள்ளை அவர்கள் வல்லத்துக்காரர் என்பது இத்தனை நாள் தெரியாது. குற்றாலத்துக்கு வருஷா வருஷம் போகிறோம்.

மகள் 127 சோதனையை நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்கிறாள், எனக்கு ஓடவில்லை. 5 பகா எண். 2^5−1 = 31, பகா எண். 2^31−1 = 2147483647, அதுவும் பகா எண். அப்படியானால் 2 ஐ 2147483647 அடுக்குக்கு ஏற்றி 1 கழித்தால் அதுவும் பகா எண்ணாகத்தானே வர வேண்டும் என்கிறாள்.

பாளை கணக்கு டீச்சர்

நல்ல கேள்வி. பதில், இல்லை. அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது என்பதை 2047 இலேயே பார்த்துவிட்டோம், 11 பகா எண், 2047 பகா எண் இல்லை.

அவள் கேட்கிற எண்ணுக்கு 64 கோடியே 64 லட்சத்துக்கும் மேல் இலக்கங்கள். அச்சடிக்க முடியாது. ஆனால் அதை வகுக்கிற எண் ஒன்று தெரியும், அதற்குப் பதினைந்தே இலக்கம்: 295257526626031. நான் சொன்ன விதியை இதில் சோதித்துப் பார்க்கலாம். இப்போது அடுக்கு 2147483647 என்பதால் காரணியில் 1 கழித்தால் அதன் இரட்டைப்படை மடங்காக இருக்க வேண்டும். 137490 × 2147483647 எவ்வளவு என்று மகளைக் கையால் பெருக்கச் சொல்லுங்கள், உங்கள் கால்குலேட்டரில் 12 இலக்கம்தான் நிற்கும். 295257526626030 வரும். 8 ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 என்றோமே, அதற்குக் கடைசி மூன்று இலக்கம் 031 ஐ வகுத்தால் போதும், மீதி 7. இரண்டு அடையாளமும் சரி. ஆனால் அடையாளம் பொருந்துவதால் மட்டும் காரணி ஆகிவிடாது, 2 ஐ இரட்டித்து மீதி எடுத்துக்கொண்டே போய் 2147483647 ஆவது இடத்தில் 1 வருகிறதா என்று பார்க்க வேண்டும். வர்க்கம் எடுத்து எடுத்துப் போனால் முப்பது சொச்சம் அடியில் போய்ச் சேரலாம், அதைக் கோடுதம்பி நாலு வரியில் எழுதித் தருவார்.

2 இல் தொடங்கினால் வேறு கதை. 2, 3, 7, 127, அப்புறம் லூக்கா கையால் காட்டிய அந்த 39 இலக்க எண். ஐந்தும் பகா எண். அந்த 39 இலக்க எண்ணை அடுக்காக வைத்தால் ஆறாவதும் பகா எண்ணா என்பது இன்று வரை யாருக்கும் தெரியாது. கோடுதம்பி சொன்ன சோதனையை அதில் ஓட்ட எந்தக் கம்ப்யூட்டராலும் ஆகாது, 39 இலக்க எண்ணிக்கையில் அடி வைக்க வேண்டுமே. சின்னக் காரணி ஏதாவது மாட்டுகிறதா என்று தேடிப் பார்ப்பது ஒன்றுதான் வழி. தேடுகிறார்கள், ஒன்றும் மாட்டவில்லை.